சுவரைப் பார்த்த நாற்காலி

ரத்தம் சிந்தாமல் மூக்கு அறுப்பவர் என்று ஜில்லா முழுக்கப் பெயர் வாங்கிய டாக்டர் கணேஷ்ராம், தன் கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"யாரோ அந்தப் பிள்ளைய அடிக்காங்க மேடம். எனக்குச் சந்தேகமே இல்ல."

எதிரே பிரம்மநாயகி உட்கார்ந்திருந்தாள். மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டம்மாவாக இருந்தவள். ஒரு நாள் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை பேசிவிட்டு, வேலையையும் எழுதிக்கொடுத்துவிட்டு, பாளையங்கோட்டையில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். எதிராளியைப் பேசவிட்டுப் பார்ப்பது அவள் பழக்கம்.

பேசாமல் இருக்கவே முடியாதவன் அவள் பக்கத்தில் இருந்தான். உதவியாளன் ஆதில். மேலப்பாளையத்துக்காரன். வாய் மட்டும் இல்லாவிட்டால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று பெற்ற உம்மாவே சொல்லுவாள்.

"நீங்க வாரத்துக்கு நாலு மூக்க அறுக்கீங்க சார். வேற ஒருத்தன் ஒரு குத்து விட்டா மட்டும் கோவம் வருதாக்கும்?"

"லே" என்றாள் பிரம்மநாயகி. அந்த ஒரு எழுத்துக்கு அவன் அடங்குவான். ஆனால் ரொம்ப நேரம் தாங்காது.

டாக்டர் செல்போனை நீட்டினார். ஒரு பெண்ணின் முகம். பெயர் அஸீலா, வயது இருபத்தாறு. மூக்கின் மேல் வெள்ளைக் கட்டு. இரண்டு கண்களும் வீங்கி, கீழே நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்தது போல் கறுத்திருந்தது. ஆதிலுக்கு நாக்கு நுனி வரை வந்த கேலி அப்படியே உள்ளே போய்விட்டது.

"ஆபரேஷன் அன்னைக்கு ஒரு பஞ்சு கூட முழுசா நனையல" என்றார் டாக்டர். "ரெண்டு வாரம் முந்தியே ஆஸ்பிரின், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, கருஞ்சீரக எண்ணெய் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டேன். ரத்தக்குழாய் சுருங்க ஊசி, ரத்தம் சீக்கிரம் உறைய ஊசி, எல்லாம் போட்டுத்தான் கத்திய எடுத்தேன். வீட்டுக்குப் போகும்போது கண்ணுக்குக் கீழ லேசா மஞ்சப் பூசின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். தலைய உசத்தி வச்சுப் படு, ஐஸ் ஒத்தடம் குடு, குனியாத, கனம் தூக்காத, மூக்கச் சிந்தாதன்னு சொல்லி அனுப்புனேன். நாளாக ஆக வெளுத்துக்கிட்டே வரணும். இது நாளாக ஆகக் கறுக்குது."

"ரத்தத்துல கோளாறு?"

"எல்லாம் சோதிச்சாச்சு. சுத்தம். அதான் சொல்லுதேன், வெளிய இருந்துதான் அடி விழுது. நேத்து மூக்கோட நடுத்தடுப்புல ரத்தம் கட்டி நின்னுச்சு. வடிச்சு விட்டேன். இன்னொரு மட்டம் கட்டுனா உள்ள இருக்க குருத்தெலும்பு செத்துரும். மூக்கு நடுவுல பள்ளமா அமுங்கிரும். அதுக்குப் பெறவு நான் இல்ல, யாரு வந்தாலும் சரி பண்ண முடியாது."

"இங்கனயே படுக்க வச்சுப் பாத்திருக்கலாம்லா?"

"கெஞ்சிப் பாத்துட்டேன். அந்தப் பிள்ள இங்க தங்க மாட்டேங்கா. அண்ணன்காரன் ஷமீம், நான்தான் கெடுத்துட்டேன், நாளைக்குப் போலீசுக்குப் போவேங்கான். நானே முந்திக்கிட்டுப் போயிரலாம். ஆனா ஆபரேஷன் நடந்ததே வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாது. வள்ளியூர்ல பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு தெருவுல சொல்லி வச்சிருக்காவ. விஷயம் வெளிய வந்தா அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை அமையுமா?"

ஆதில் படத்தை மறுபடி பார்த்தான். "சார், ஒரு சந்தேகம். அடிக்கிறவனுக்குக் கன்னம் காலியாத்தானே கெடக்கு? உதடும் பழுதில்ல. அவ்வளவு கோவத்துலயும் மூக்குக்கு மட்டும் குறி வைக்கிறவன் யாருவே?"

கேலியாகத்தான் கேட்டான். பிரம்மநாயகி மட்டும் திரும்பி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு, டாக்டரின் நர்ஸ் கழற்றிக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பிரம்மநாயகி ஆதிலின் பைக்கில் பின்னால் ஏறினாள். கோட்டு அவளுக்கு ரெண்டு சுற்று சின்னது. கட்டு மாற்ற வந்த நர்ஸ் அவள், துணைக்கு வந்த கம்பவுண்டர் அவன். அதுதான் வேஷம்.

"மூச்ச இழுத்து விடாதீங்கக்கா, பட்டன் தெறிச்சு என் கண்ணுல அடிச்சிரும்" என்றான் ஆதில்.

மேலப்பாளையத்தில் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூக்கு மைதீன் வீடு என்றால் ஊரில் பால் ஊற்றுகிறவனுக்கும் தெரியும். அஸீலாவின் வாப்பா அசன் மைதீனுக்குத் தெரு வைத்த பட்டப்பெயர் அது. மனிதர் முக்கு திரும்பினால் முதலில் மூக்கு வரும், அப்புறம்தான் ஆள் வருவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

கதவைத் திறந்தது உம்மா மஹ்மூதா பீவி. அழுது அழுது முகம் வெளிறிப்போயிருந்தது. நர்ஸ் என்றதும் பிரம்மநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னதெல்லாம் செய்யுதேம்மா. கருஞ்சீரகத்த நிறுத்திட்டேன். பூண்டு இல்லாமத்தான் கறி. சாயாவுல இஞ்சி கூடத் தட்டிப் போடல. பெறவும் பிள்ள மூஞ்சி இப்படி ஆவுதே, ரப்பே!"

"பூண்டு இல்லாமக் கறியா? அதத் திங்குறவங்களுக்கே கண்ணு கறுத்துருமே" என்று ஆதில் முணுமுணுத்தான். பிரம்மநாயகி அவன் காலை மிதித்துவிட்டு மாடிப்படி ஏறினாள். அஸீலா மாடி அறையில் தனியாகத்தான் இருந்தாள். அந்நிய ஆண் அங்கே போகக் கூடாது. ஆதில் கூடத்திலேயே உட்கார்ந்தான்.

உள்ளே இருந்து அண்ணன் ஷமீம் வந்தான். சவூதி தம்மாமிலிருந்து லீவில் வந்தவன். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டுத்தான் திரும்பப் போவது என்று வந்தவன். ஆதிலின் கண் நேரே அவன் வலது கைக்குப் போயிற்று. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, பொருக்குத் தட்டியிருந்தது.

சிக்கினான் சிங்காரம் என்று ஆதிலுக்குள் ஒரு துள்ளல்.

"கையில என்ன காக்கா, காயம்?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டான்.

ஷமீம் கையை மறைக்கவில்லை. கூடத்துச் சுவரைக் காட்டினான். ஆள் நெஞ்சு உயரத்தில் பூச்சு பெயர்ந்து, செங்கல் தெரிந்தது. பெயர்ந்த இடத்தில் பழுப்பாக ரத்தக் கறை.

"முந்தாநாள் அவ மூஞ்சியப் பாத்துட்டுக் கீழ வந்தேன். யாரக் குத்தன்னு தெரியல. சுவத்தக் குத்துனேன்" என்றான். "வந்த இடமெல்லாம் மூக்கத்தான் சொன்னானுவோ. நாலு எடம். பொண்ணு நல்ல பொண்ணு, மூக்குதான்னு இழுப்பானுவோ. உம்மா அழுதா. நான்தான் அந்த டாக்டரத் தேடிப் புடிச்சேன். இப்ப என் மேல கேஸ் போடணுமா அவர் மேல போடணுமான்னு தெரியல எனக்கு."

ஆதிலின் துள்ளல் அடங்கிவிட்டது. கையில் காயம் இருக்கிறவனெல்லாம் குற்றவாளி என்றால் துப்பறிகிற வேலை எவ்வளவு சுளுவாக இருக்கும்!

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. ஷமீம் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "வாரீங்களா?"

"நான் கை கால் கழுவி ஒளு செய்யலியே காக்கா..."

"பள்ளியில தண்ணி இருக்கே."

"வயிறு வேற சரியில்ல" என்றான் ஆதில். பதினைந்து வருஷமாக அவன் வயிறு சரியாகப் பாங்கு நேரத்தில்தான் கெடும். ஷமீம் தொப்பியை வைத்துக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரத்தில் பிரம்மநாயகி இறங்கி வந்தாள். முகம் சரியில்லை. கண்ணைக் காட்டினாள். இருவரும் வெளியே வந்து பைக்கை எடுத்தார்கள்.

கொக்கிரகுளம் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நிறுத்தினார்கள். ஐப்பசி மழையில் தாமிரபரணி மண் நிறத்தில் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிரம்மநாயகி டீயைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"லே ஆதில், நான் போலீசுல பாக்காத அதிசயத்த இன்னைக்குப் பாத்தேன். பழைய கட்ட எடுத்துட்டு, பஞ்சு போல வெள்ளையா புதுக் கட்டு போட்டேன். 'சிஸ்டர், கொஞ்சம் வெளிய இருங்க'ன்னா. சரி, துணி மாத்தப் போறான்னு வெளிய வந்தேன். கதவச் சாத்திக்கிட்டா. வாசல்ல நான் நிக்கேன். வேற வழி கெடையாது, சன்னலுக்குக் கம்பி போட்டிருக்கு. யாரும் உள்ள போவல, யாரும் வெளிய வரல. கதவத் தெறந்தா, கட்டுல ரூவா அகலத்துக்குப் புது ரத்தம்."

"பூட்டுன ரூமுக்குள்ள கொலையாளி!" என்றான் ஆதில். "சத்தம் ஏதும்?"

"ஒரு சத்தமும் இல்ல. அடிச்சா சத்தம் வரணும். வலிச்சா கத்தணும்."

"அவளே மூக்கப் புடிச்சுத் திருகிக்கிடுதாளோ?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா கையில ஒரு பொட்டு ரத்தம் இல்லலே. கை கால் மூஞ்சி ஓரமெல்லாம் ஈரம், கழுவின மாதிரி. அது நான் வெளிய வர்றதுக்கு முந்தியே கழுவிட்டு வந்துட்டா."

ஆதில் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினான். "ரூமுல வேற என்ன இருந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"கட்டில்ல நாலு தலகாணி, உசத்தி அடுக்கி வச்சிருக்கு. தலகாணி உறையப் பொரட்டிப் பாத்துட்டேன். ஒரு கறை இல்ல. ராத்திரி தூக்கத்துல வர்ற ரத்தம் இல்ல இது. பெறவு மொட்டமாடியில ஒரு பாய் காயுது. நல்ல பத்தமடைப் பாயி, பட்டுக் கரை போட்டது. அத எந்த மூதியாவது மழைக்காலத்துல தண்ணி ஊத்திக் கழுவுவாளா? கழுவிக் காயப் போட்டிருக்கு. ஒரு தலைப்பு ஓரத்துல, சரியா நடுவுல, கறை போகாமக் கெடக்கு. பாயில படுத்திருந்தா தலகாணி போட்டிருப்பா. தலகாணி போட்டா பாயில ஏன் கறை? எனக்கு மண்ட காயுது."

"வேற?"

"வேற என்ன, ஒரு பிளாஸ்டிக் சேரு. அது ஒரு கோட்டித்தனம். கட்டில்ல கெடக்க ஆள்கிட்ட பேச வாறவங்களுக்குப் போட்டதுன்னா கட்டிலப் பாத்து இருக்கணும். இது வெறும் சுவத்தப் பாத்துக் கெடக்கு. அதுல உக்காரவும் முடியாது. மாத்திரை, பஞ்சு, ஐஸ் பை, மடிச்ச துணி எல்லாம் அதுமேலதான் குமிஞ்சிருக்கு."

"எந்தச் சுவரு அக்கா? வெயில் எந்தப் பக்கம் வந்துச்சு?"

"அந்தச் சுவத்துச் சன்னல் வழியாத்தான் சாயங்கால வெயில் அடிச்சுச்சு. மேற்கு."

ஆதில் டம்ளரைக் கீழே வைத்தான். ஷமீம் தொப்பியோடு கிளம்பிய நேரமும், பிரம்மநாயகி வாசலில் நின்ற நேரமும் ஒரே நேரம்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, அந்த நேரம் பாங்கு சொன்னாங்கள்ல?"

"ஆமா, சொன்னாங்க. அதுக்கென்ன?"

"நாங்க மேற்க பாத்துத்தான் தொழுவோம். முடியாதவங்க இருந்தா அவங்களுக்கு மேற்க பாத்து ஒரு சேரு போட்டு வைப்பாங்க. சேர்ல உக்காந்து தொழுதா குனிய வேண்டாம், தலையச் சாச்சாப் போதும். அந்த உம்மா மவளுக்காகப் போட்ட சேருதான்க்கா அது. அதுமேல மாத்திரைய அடுக்கி வச்சிருக்கான்னா, அவ ஒரு வேள கூட அதுல உக்காரல."

பிரம்மநாயகிக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆதில் சுற்றுமுற்றும் பார்த்தான். டீக்கடை பெஞ்சின் மேல் இரு கையையும் ஊன்றி, குனிந்து, நெற்றியையும் மூக்கையும் பலகையில் வைத்துக் காட்டினான். டீக்கடைக்காரர் பேச்சிராஜ் வடைக்கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு சஜ்தா. தலை கீழ, இடுப்பு மேல. நெத்தியும் மூக்கும் தரையில படணும். ஒவ்வொரு வேளத் தொழுகையிலயும் எத்தனையோ மட்டம். பாயோட மேற்குத் தலைப்புல, சரியா நடுவுல."

பிரம்மநாயகி நெற்றியில் அறைந்துகொண்டாள். "யாரும் அடிக்கல!"

"யாரும் அடிக்கல. டாக்டர் குனியாதன்னாரு. அவரு சைவப்பிள்ள, அவருக்குக் குனியுறதுன்னா கோலம் போடுறது, குடம் தூக்குறது. தொழுகையச் சொல்லணும்னு அவருக்கு எப்படித் தெரியும்? இவ அதக் குனியுறதாவே நெனச்சிருக்க மாட்டா." ஆதில் எழுந்து பைக் சாவியைச் சுழற்றினான். "இவ்வளவுதானாக்கா விஷயம்? நோயாளி உக்காந்து தொழலாம், அதுக்கும் முடியலன்னா படுத்தே தொழலாம். மதரசாவுல அடி வாங்கி மனப்பாடம் பண்ணது. போயி ஒரு வார்த்த சொன்னா கேஸ் முடிஞ்சுது. டாக்டருக்குப் பேரு மிச்சம், அவளுக்கு மூக்கு மிச்சம், நமக்குப் பீஸ் மிச்சம்."

வருகிற வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான். பின்னால் பிரம்மநாயகி கூட அதட்டவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு கேஸ் முடிந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

இந்த முறை வேஷம் போடவில்லை. மஹ்மூதா பீவியிடமும் ஷமீமிடமும் யார் என்று உள்ளதைச் சொல்லி, கண்டுபிடித்ததையும் சொன்னார்கள். ஷமீம் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். மஹ்மூதா பீவி மட்டும் தலையை ஆட்டினாள்.

"இல்லையே! நான்தானே சேரு போட்டுக் குடுத்தேன். சேர்லதான் தொழுவுதேன்னு சொன்னாளே என் மவ!"

மாடியில் அஸீலாவின் அறை வாசலில் திரை தொங்கியது. பிரம்மநாயகி திரையை ஒட்டி நின்றாள். ஆதில் மேல்படியில் உட்கார்ந்தான். மஹ்மூதா பீவி அவனுக்கு இரண்டு படி கீழே நின்றாள்.

"தங்கச்சி, நான் ஆதில். மேட்டுத்தெரு ஆபிதா பீவி மவன். உங்களுக்கு ரத்தம் ஏன் வருதுன்னு கண்டுபிடிச்சிட்டோம். சஜ்தா செய்யுதப்பதான் வருது. சேர்ல உக்காந்து தொழுதாப் போதும், எல்லாம் சரியாயிரும்."

திரைக்குப் பின்னாலிருந்து மூக்கடைத்த குரல் வந்தது.

"தெரியும்."

ஆதிலுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன தெரியும்?"

"சஜ்தாவுலதான் வருதுன்னு. மொத நாளு பாயில விழுந்தப்பவே தெரியும்."

மஹ்மூதா பீவி படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா?" என்றான் ஆதில். "சேருதான் கெடக்கே! சலுகைதான் இருக்கே!"

"சலுகை சீக்காளிக்கு. நான் சீக்காளியா? நல்லா இருந்த மூக்க ஆசைக்கு அறுத்துக்கிட்டவ. அல்லாஹ் குடுத்தத வேண்டாம்னு சொன்னவளுக்கு அவன் குடுத்த சலுகை மட்டும் வேணுமா?"

"சரி, எப்படியோ அறுத்தாச்சு. இப்ப ரத்தம் வருதுல்லா? இப்ப சீக்காளிதானே? எப்படி வந்த சீக்குன்னு அவன் கணக்கா பாக்கான்?"

"பாக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பதினைந்து வருஷமாக வயிற்றைச் சாக்குச் சொல்லுகிறவனுக்கு என்ன தெரியும்? ஆதிலுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "உம்மாவும் காக்காவும் சொல்லித்தானே செஞ்சீங்க? உங்க மேல என்ன குத்தம்?"

"அவுக சொன்னாவ. இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கும் ஆசை இருந்துச்சு. கண்ணாடி முன்னால நின்னு விரல வச்சு மறைச்சு மறைச்சுப் பாத்திருக்கேன். அதான். ஆசை இல்லாம இருந்திருந்தா நான் அந்தச் சேர்லயே உக்காந்து தொழுதிருப்பேன். இது வாப்பா மூக்கு. மவுத்தாவுறதுக்கு முந்தி, பேச்சு இழுத்துக்கிட்டு இருந்தப்ப, என் மூக்கத் தடவிக் குடுத்து, 'நான் போனாலும் இது இங்கன இருக்கும்ட்டி'ன்னாவ. சிரிச்சாவ. அத நான் ஒரு மத்தியானத்துல எடுத்துப் போடச் சொன்னேன்."

கீழே ஷமீம் விசும்புவது கேட்டது.

"பள்ளி ஹஸரத்தக் கூட்டிட்டு வாரேன்" என்று ஆதில் எழுந்தான். "அவரே வந்து சொல்லட்டும், உக்காந்து தொழலாம்னு."

"அவுக வந்து 'நீ செஞ்சது ஹராம், பாவம்'ன்னு சொன்னா நான் எங்க போக? 'அதெல்லாம் பரவால்ல'ன்னு சொன்னா மட்டும் எனக்கு ஆறிருமா?"

ஆதில் மறுபடி உட்கார்ந்தான்.

பிரம்மநாயகி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அம்மா, நான் உங்க மார்க்கம் தெரியாதவ. ஆனா டாக்டர் சொன்னதச் சொல்லுதேன். இன்னொரு மட்டம் உள்ள ரத்தம் கட்டுனா மூக்கு அமுங்கிரும். உங்க வாப்பா மூக்கும் இல்ல, புது மூக்கும் இல்லன்னு ஆயிரும்."

"அமுங்கட்டும்" என்றாள் அஸீலா.

கோபமில்லை, அழுகையில்லை. அலுத்துப்போன ஒருத்தி கடைசியில் ஒரு விலைக்கு ஒத்துக்கொள்வது போல் இருந்தது. துப்பறியும் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஆதில் எத்தனையோ பேரை உண்மையைச் சொல்லி மடக்கியிருக்கிறான். உண்மை தெரிந்தவளை எதைச் சொல்லி மடக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லிருங்க. அவரு கையில தப்பில்லன்னு. காக்கா போலீசுக்குப் போவ மாட்டான், நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள் அவள். அப்போது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பள்ளியில் தொடங்கி, அடுத்த தெருப் பள்ளியில், அதற்கடுத்த தெருவில் என்று ஊர் முழுக்கப் பரவியது. "நான் தொழுவணும். நீங்க போங்க."

மஹ்மூதா பீவி ஆதிலைத் தாண்டிப் படியேறினாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலியின் மேலிருந்த மாத்திரையும் பஞ்சும் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தமும் கேட்டது.

"உக்காருட்டி. உம்மா சொல்லுதேன், உக்காரு. பாவம் இருந்தா அது என் தலையில. நான்தான் உன்ன அழுது அழுது அனுப்புனேன். உக்காரு."

ஒரு துணியை உதறித் தரையில் விரிக்கிற சத்தம் வந்தது.

திரை முழுக்க மூடவில்லை. தொழுகிற பெண்ணைப் பார்ப்பது மரியாதையில்லை. ஆதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படிக்கட்டுச் சுவரைப் பார்த்தான். பார்க்காவிட்டாலும் அவனுக்குத் தெரிந்தது. இப்போது நிற்கிறாள். இப்போது கையைக் கட்டியிருக்கிறாள். இப்போது குனிகிறாள், நிமிர்கிறாள். இனி இறங்குவாள். எத்தனையோ வருஷமாக மறந்துபோனதாக அவன் நினைத்திருந்த வரிசை, ஒன்று தப்பாமல் மனசுக்குள் ஓடியது. வேண்டாம், வேண்டாம் என்று அவன் வாய் முணுமுணுத்தது. யாரிடம் சொல்லுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பிரம்மநாயகி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எத்தனையோ பிணங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அந்த அம்மா பக்கத்துல மண்டி போட்டு உக்காந்துட்டா லே" என்று காதோடு சொன்னாள். "ரெண்டு கையையும் தரையில விரிச்சு வச்சிருக்கா. பிள்ள மூக்குத் தரையில படாம, தன் கையில வாங்குதா."

ஆதில் திரும்பவில்லை.

"பெறவும் ரத்தம் வருது" என்றாள் பிரம்மநாயகி.

தொழுகை முடிய அதிக நேரமாகவில்லை. மஹ்மூதா பீவி வெளியே வந்தாள். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, நெஞ்சோடு அணைத்தபடி, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். அறைக் கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது. கீழே அடுப்படியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

ஆதிலின் போன் அடித்தது. டாக்டர் கணேஷ்ராம்.

"என்ன ஆச்சு ஆதில், கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சாச்சு சார்."

"நான் சொல்லல? யாரு, அந்த அண்ணன்காரனா?"

"யாரும் இல்ல சார். யாரும் அடிக்கல. உங்க கையிலயும் தப்பில்ல."

"அப்பாடா" என்று டாக்டர் நீளமாக மூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. "காரணம் எதுவா இருந்தாலும் சரி, தெரிஞ்சிருச்சுல்லா. அப்ப இனிமே ரத்தம் வராதுல்லா?"

ஆதில் போனைக் கையால் பொத்திக்கொண்டான். "இனிமே வராதுல்லான்னு கேக்காரு அக்கா. என்ன சொல்ல?"

பிரம்மநாயகி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பாங்கு எப்பலே?" என்று கேட்டாள்.